தீம் பார்க் ரிசார்ட்டில் ரூம் போடுவது இந்த விலைக்குத் தகுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லீவு நெருங்க நெருங்க சொந்தக்காரர்கள், அபார்ட்மென்ட் குரூப், ஆபீஸ் நண்பர்கள் என்று எல்லாப் பக்கமிருந்தும் ஒரே கேள்விதான் வருகிறது: பார்க்கோடு சேர்ந்த ஹோட்டலிலேயே தங்கலாமா, இல்லை வெளியே எங்காவது ரூம் போட்டுவிட்டுப் போய் வரலாமா? வருஷா வருஷம் விலை ஏறுவதால் கேள்வியே இப்போதெல்லாம் கொஞ்சம் கோபத்தோடுதான் வருகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக டைப் அடித்து அலுத்துவிட்டது, அதனால் எல்லாவற்றையும் இங்கே போட்டுவிடுகிறேன். சென்னையிலிருந்து கிளம்புகிற நடுத்தரக் குடும்பத்தை மனதில் வைத்து எழுதியது. பணம் ஒரு பொருட்டே இல்லை என்பவர்கள் தாராளமாக உள்ளேயே தங்குங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், தகுமா தகாதா?

பெரும்பாலும் தகாது. ரூமோடு வரிசையைத் தாண்டிப் போகும் பாஸ் சேர்ந்து வந்தால் தகும். கைக்குழந்தையோ முட்டிவலி உள்ள பெரியவர்களோ கூட வந்தாலும் அநேகமாகத் தகும். கட்டிலுக்கும் ஏசிக்கும் யாரும் இவ்வளவு கேட்பதில்லை, அவர்கள் விற்பது நேரத்தை. அதனால் எத்தனை மணி நேரம் மிச்சமாகிறது, அந்த நேரத்தை உங்கள் வீட்டார் உண்மையிலேயே பயன்படுத்துவார்களா என்று மட்டும் பாருங்கள். லீவு நாளில் ஒன்பதரைக்கு முன்னால் கண் விழிக்காத வீட்டுக்கு 'அரை மணி முன்னதாக உள்ளே நுழையலாம்' என்ற சலுகையை விற்றால் லாபம் அவர்களுக்குத்தான்.

ஏன் இப்படி ஏறிக்கொண்டே போகிறது?

முதல் காரணம், ஒரே ரூமுக்கு நாளுக்கொரு விலை. தீபாவளிக்கு முந்தின நாள் கோயம்பேட்டிலிருந்தும் கிளாம்பாக்கத்திலிருந்தும் கிளம்பும் ஆம்னி பஸ் டிக்கெட் என்ன ஆகிறதோ அதேதான் இங்கேயும். சாதாரண செவ்வாய்க்கிழமை விலையையும் லீவு சனிக்கிழமை விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே ரூம்தானா என்று சந்தேகம் வந்துவிடும்.

இரண்டாவது நம் ரூபாய். 2021 கடைசியில் ஒரு டாலர் 75 ரூபாய்க்குள் இருந்தது, 2025 டிசம்பரில் 90-ஐத் தாண்டியது. 300 டாலர் ரூம் ஒரு டாலர்கூட ஏறாமல் அப்படியே இருந்திருந்தாலும் நமக்கு 22,500 ரூபாய் 27,000 ஆகியிருக்கும். ஏறாமல் எங்கே இருந்தது?

மூன்றாவது கொஞ்சம் பழைய கதை. 1955-ல் கலிபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் திறந்தபோது ஹோட்டல் கட்ட வால்ட் டிஸ்னியிடம் காசு இல்லை. ஜாக் ராதர் என்பவர்தான் டிஸ்னிலேண்ட் ஹோட்டலைக் கட்டி நடத்தினார். சுற்றிலும் மோட்டல்கள் முளைத்தன, பார்க்குக்கு வந்த கூட்டத்தின் ராத்திரிச் செலவெல்லாம் அவர்கள் கல்லாவில் விழுந்தது. அந்த ஹோட்டல் டிஸ்னி கைக்கு வந்ததே 1988-ல்தான். அந்தப் பாடத்தில்தான் ஃப்ளோரிடாவில் 27,000 ஏக்கரை வளைத்துப் போட்டார்கள், 1971-ல் அங்கே பார்க் திறந்த அன்றே இரண்டு ஹோட்டல்களும் தயார். ஆக ஹோட்டல் என்பது பார்க்குக்குத் துணைத் தொழில் கிடையாது. பார்க்கைக் கட்டுவதே பாதி அதற்காகத்தான்.

முன்பு இலவசமாகக் கொடுத்ததையெல்லாம் எடுத்துவிட்டார்களாமே?

ஆமாம், எனக்கு எரிச்சல் வருவது விலையைவிட இதில்தான். ஃப்ளோரிடாவில் ஆர்லாண்டோ ஊரில் இருக்கும் அந்த டிஸ்னி வேர்ல்டின் ஹோட்டலில் தங்கினால் 2005-லிருந்து ஏர்போர்ட்டுக்கு இலவச பஸ் இருந்தது, 2021 முடிந்ததோடு அதுவும் முடிந்தது. ரூம் சாவியும் டிக்கெட்டுமாகக் கையில் கட்டும் மேஜிக் பேண்ட் ஓசியாக வந்தது, 2021-லிருந்து காசு. ரைடுக்கு முன்கூட்டியே நேரம் குறித்துவைக்கும் ஃபாஸ்ட்பாஸ் எல்லோருக்கும் இலவசம், ஹோட்டலில் தங்குபவர்களுக்கு மற்றவர்களைவிட முன்னாலேயே கதவு திறக்கும். இன்று அந்த இடத்தில் லைட்னிங் லேன் என்று ஒன்று இருக்கிறது, ஹோட்டலில் தங்கியிருந்தாலும் ஆளுக்குத் தனியாகக் காசு. மிச்சமிருக்கும் சலுகை என்னவென்றால், அதை நீங்கள் ஏழு நாள் முன்னதாக வாங்கலாம், வெளியே தங்குபவர்கள் மூன்று நாள் முன்னதாகத்தான் வாங்க முடியும். காசு கொடுப்பதில் முன்னுரிமை!

சரி, நியாயமாக மற்ற பக்கத்தையும் சொல்ல வேண்டும். தினமும் எல்லா பார்க்கிலும் அரை மணி முன்னதாக நுழைய விடுகிறார்கள், மிகச் சாதாரண ரூமுக்கும் இது உண்டு. ஹோட்டலில் காரை நிறுத்த 2018-லிருந்து வாங்கிய கட்டணத்தை 2023-ல் எடுத்துவிட்டார்கள். 2025-லிருந்து செக்-இன் செய்யும் அன்று வாட்டர் பார்க் இலவசம். கொடுத்ததையும் எடுத்ததையும் தட்டில் போட்டால், எடுத்த பக்கம்தான் கீழே இறங்குகிறது.

அப்படியானால் ஆர்லாண்டோவில் வெளியே தங்குவதுதான் லாபமா?

ஆறு பேர் போனால் கண்ணை மூடிக்கொண்டு வெளியே தங்குங்கள். டிஸ்னியின் விலை குறைந்த ரூம்களில் நான்கு பேர்தான் தங்க முடியும், தாத்தா பாட்டியோடு போனால் இரண்டு ரூம், அல்லது இன்னும் விலை கூடிய ஃபேமிலி ஸ்வீட். அதைவிடக் குறைந்த காசுக்குப் பக்கத்து ஊரான கிஸ்ஸிம்மியில் கிச்சனோடு முழு வீடே வாடகைக்குக் கிடைக்கும். கிச்சன் என்றால் நமக்குச் சின்ன விஷயமா? காலையில் உப்புமா கிளறிவிட்டு, புளிசாதம் கட்டிக்கொண்டு கிளம்பலாம், டிஸ்னி வேர்ல்டில் வெளிச் சாப்பாட்டை உள்ளே கொண்டுபோக விடுகிறார்கள், கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் கூடாது, அவ்வளவுதான்.

ஆனால் வெளியே உள்ள ஹோட்டலின் மலிவு விலையைப் பார்த்து உடனே மயங்க வேண்டாம். பல இடங்களில் 'ரிசார்ட் ஃபீ' என்று தினமும் ஒரு தொகையைச் சேர்ப்பார்கள், ஹோட்டல் பார்க்கிங் தனி, தீம் பார்க்கில் கார் நிறுத்த ஒரு நாளைக்கு 30 டாலர் அளவில் தனி (டிஸ்னியிலேயே தங்கினால் இது இலவசம்), இதெல்லாம் போக கார் வாடகை. ரூம் வாடகை மீது இடத்தைப் பொறுத்து 12.5 அல்லது 13.5 சதவீத வரி உள்ளேயும் உண்டு வெளியேயும் உண்டு. கடைசித் தொகையை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள், முதல் பக்கத்தில் பெரிதாகத் தெரிகிற எண்ணை நம்பாதீர்கள்.

இரண்டு பெரியவர், ஒரு குழந்தை, யாருக்கும் அமெரிக்காவில் கார் ஓட்டப் பழக்கமில்லை என்றால் மட்டும் டிஸ்னியின் விலை குறைந்த ஹோட்டல் கணக்கு சரியாக வரும். ஹோட்டலிலிருந்து பார்க்குகளுக்குப் போகும் பஸ் இலவசம், கார் செலவு மிச்சம்.

வரிசையைத் தாண்டும் பாஸ் ரூமோடு சேர்ந்து வரும் என்கிறீர்களே, அது எங்கே?

ஆர்லாண்டோவில் டிஸ்னிக்குப் போட்டியாக இருக்கும் யுனிவர்சல் தீம் பார்க்கில். போர்ட்டோஃபினோ பே, ஹார்ட் ராக், ராயல் பசிஃபிக் ஆகிய மூன்று ஹோட்டல்களில் தங்கினால் ரூமில் உள்ள எல்லோருக்கும் எக்ஸ்பிரஸ் அன்லிமிடெட் பாஸ் சேர்த்தே வரும். செக்-இன் செய்யும் நாளுக்கும் உண்டு, செக்-அவுட் நாளுக்கும் உண்டு. அதாவது ஒரே ஒரு ராத்திரி போட்டால் இரண்டு நாள் பாஸ். ரூம் மாலையில்தான் கையில் வரும், ஆனால் காலையிலேயே போய்ப் பெட்டியை ரிசப்ஷனில் ஒப்படைத்துவிட்டுப் பாஸை வாங்கிக்கொண்டு நேரே பார்க்குக்குப் போய்விடலாம். கூட்டமான நாளில் அதே பாஸை நாலு பேருக்கு இரண்டு நாளுக்குத் தனியாக வாங்கினால் என்ன ஆகும் என்று யுனிவர்சல் தளத்திலேயே போட்டுப் பாருங்கள், ரூம் வாடகையைவிட அதுவே கூடிவிடுகிற நாட்கள் நிறைய. விலை எவ்வளவு ஏறினாலும் நான் தயங்காமல் 'போடுங்கள்' என்று சொல்வது இது ஒன்றுக்குத்தான்.

எச்சரிக்கை: அந்தப் பாஸ் பழைய இரண்டு பார்க்குகளுக்கு மட்டும்தான். 2025 மே 22-ல் திறந்த புதுப் பார்க்கான எபிக் யுனிவர்சுக்குச் செல்லாது. எபிக்கை ஒட்டிக் கட்டியிருக்கும் ஹீலியோஸ் கிராண்ட் ஹோட்டல் பார்க்க அழகாக, விலையும் அழகாக இருக்கும், ஆனால் எக்ஸ்பிரஸ் பாஸ் கிடையாது. பேரைப் பார்த்து ஏமாற வேண்டாம். பார்க் நுழைவு டிக்கெட்டும் எப்படியும் தனியாக வாங்க வேண்டும்.

எங்களுக்கு அமெரிக்காவெல்லாம் தூரம். சிங்கப்பூர் யுனிவர்சலுக்குப் போகிறோம், பார்க் இருக்கும் செந்தோசா தீவிலேயே தங்கலாமா?

வேண்டாம். என்னிடம் அதிகம் பேர் கேட்பது இதுதான், பதிலும் எப்போதும் ஒன்றுதான்.

லிட்டில் இந்தியாவில் தங்குங்கள். அங்கேயிருந்து எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) ஊதா லைனில் ஏறினால் மாறவே வேண்டாம், ஐந்தாவது ஸ்டாப் ஹார்பர்ஃப்ரண்ட், அதுதான் கடைசி. மேலே விவோசிட்டி மாலில் மூன்றாவது மாடியில் செந்தோசா எக்ஸ்பிரஸ் என்ற குட்டி ரயிலில் ஏறினால் முதல் நிறுத்தமே பார்க் வாசல், 4 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அதுவும் வேண்டாம் என்றால் கடலோரமாகப் போடப்பட்ட போர்டுவாக்கில் நடந்தே போகலாம், காசு கிடையாது. காலையில் செரங்கூன் ரோட்டில் டிபன் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினாலும் பார்க் திறக்கும் நேரத்துக்கு வாசலில் நிற்கலாம். அங்கே கோமள விலாஸ் 1947-லிருந்து இருக்கிறது, இட்லி தேடி அலைய வேண்டியதில்லை.

இன்னொன்று, அங்கே ஹோட்டல் விலைக்குப் பின்னால் இரண்டு பிளஸ் குறி போட்டிருப்பார்கள். 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ், அதற்கும் மேல் 9 சதவீதம் ஜிஎஸ்டி. 400 வெள்ளி என்று பார்த்த ரூமுக்குக் கையை விட்டுப் போவது கிட்டத்தட்ட 480. பார்க் சின்னது, ஒரு நாள் தாராளமாகப் போதும். செந்தோசா ரூமில் மிச்சமாகும் காசில், கூட்டமான நாளாக இருந்தால், எக்ஸ்பிரஸ் பாஸ் வாங்கிக்கொள்ளுங்கள், அதற்குப் பலன் உண்டு.

சென்னையிலேயே, ஈசிஆர் ரிசார்ட்டில் தங்கிப் பார்க்குக்குப் போகலாமா?

விஜிபி ஈஞ்சம்பாக்கத்தில், எம்ஜிஎம் முட்டுக்காட்டில், 2025 டிசம்பரில் திறந்த வொண்டர்லா திருப்போரூர் பக்கம். அம்பத்தூரிலிருந்து கிளம்பினாலும் ராத்திரிக்கு வீடு திரும்பி நம் தலையணையிலேயே படுக்கலாம். இதற்கு ரூம் எதற்கு? கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா இரண்டு நாள் கிடக்க வேண்டும் என்றால் அது வேறு ஆசை, அதைத் தீம் பார்க் கணக்கில் எழுதாதீர்கள்.

போட்டே ஆக வேண்டும் என்றால் 7,500 என்ற எண்ணை நினைவில் வையுங்கள். 2025 செப்டம்பர் 22-லிருந்து ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள ரூமுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18. ரூம் 7,500 என்றால் மொத்தம் 7,875. ரூம் 7,600 என்றால் 8,968. நூறு ரூபாய் கூடிய ரூமுக்கு ஆயிரத்துத் தொண்ணூற்று மூன்று ரூபாய் கூடுதல். இதோடு நிற்காது, 7,500-க்கு மேல் ரூம் விற்கும் ஹோட்டல்களின் ரெஸ்டாரண்ட் பில்லிலும் பொதுவாக 18 சதவீதம்தான். பூரி கிழங்குக்கும் 18. விலை 7,600, 7,800 என்று நின்றால் போன் போட்டுப் பேசிப் பாருங்கள், 7,500-க்கு இறங்கி வந்தால் உங்களுக்கு மிச்சமாவது அவர்கள் விட்டுக்கொடுப்பதைவிடப் பல மடங்கு.

பெங்களூரு வொண்டர்லா, ராமோஜி ஃபிலிம் சிட்டி?

இங்கே என் பதில் மாறும். பெங்களூரு வொண்டர்லா இருப்பது பிடதியில், மைசூர் ரோட்டில். சாயங்காலம் பார்க் மூடும்போது வாசலில் நின்று பாருங்கள்: தண்ணீர் விளையாட்டில் ஊறிய குழந்தைகள், உதடு நீலம் பாய்ந்து, ஈரத்துணி நிறைந்த பிளாஸ்டிக் கவர் ஒரு கையில், பாதி சாப்பிட்ட சிப்ஸ் இன்னொரு கையில், கேப் டிரைவர் 'இரண்டு நிமிஷம் சார்' என்று சொல்லி இருபது நிமிஷம் ஆகிறது, அதற்குப் பிறகு பெங்களூரு டிராஃபிக்கில் மெஜஸ்டிக் வரை ஊர்ந்து போக வேண்டும். பார்க்கை ஒட்டியே அவர்களுடைய ரிசார்ட் இருக்கிறது. நடந்து போய் வெந்நீரில் குளித்துவிட்டுப் படுக்கலாம். ஊரிலிருந்து வரும் நமக்கு எப்படியும் ஒரு ராத்திரி ரூம் வேண்டும்தானே, அதை அங்கேயே போடுவதில் தப்பில்லை, விலை வித்தியாசம் கேப் காசுக்குப் பக்கத்தில் வந்தால்.

ராமோஜியும் அப்படித்தான். ஹைதராபாத் ஊருக்கு வெளியே விஜயவாடா ஹைவேயில் இருக்கிறது, உள்ளேயே சித்தாரா, தாரா என்று ஹோட்டல்கள். தாரா போதும். நாள் முழுக்கச் சுற்றிவிட்டு வந்து படுக்கப்போகிற ரூமுக்குச் சித்தாரா விலை தேவையில்லை. ரூமோடு ஃபிலிம் சிட்டி டிக்கெட்டும் சேர்ந்த பேக்கேஜாக எடுத்தால்தான் கணக்கு சரியாக வரும், அதைக் கேட்டு உறுதி செய்துகொண்டு பணம் கட்டுங்கள்.

கைக்குழந்தை இருக்கிறது. அப்போதும் வெளியேதானா?

இல்லை, பக்கத்திலேயே தங்குங்கள். மத்தியானம் ஒரு மணிக்கு ரூமுக்குத் திரும்பிக் குழந்தையைத் தூங்கவைத்து, நாலு மணிக்கு மறுபடி உள்ளே போக முடிவதுதான் இந்த ஹோட்டல்களின் உண்மையான மதிப்பு. விளம்பரத்தில் இதை யாரும் போடுவதில்லை. வெயிலும் அந்த நேரத்தில்தான் கொல்லும், வரிசையும் அப்போதுதான் நீளம். மாமியாருக்கு முட்டிவலி என்றாலும் இதே பதில். ஆனால் 'பார்க்கோடு சேர்ந்த ஹோட்டல்' என்று எழுதியிருப்பதை வைத்து முடிவெடுக்காமல் மேப்பில் நடைதூரம் பாருங்கள். ரிசார்ட் எல்லைக்குள் இருந்துகொண்டே பஸ் பிடித்துப் பார்க்குக்குப் போக வேண்டிய ஹோட்டல்களும் இருக்கின்றன, மத்தியானத் தூக்கத்துக்கு அவை உதவாது.

டோக்கியோ?

டிஸ்னி ஹோட்டலில் தங்கினால் 15 நிமிடம் முன்னதாக நுழையலாம். ஃபேன்டஸி ஸ்பிரிங்ஸ் என்ற புதுப் பகுதி 2024 ஜூனில் திறந்த பிறகு, அங்குள்ள இரண்டாவது பார்க்கான டிஸ்னிசீயில் அந்த 15 நிமிடம் பெரிய விஷயம்தான், ஆனாலும் அந்த விலைக்கு நான் போட மாட்டேன். டோக்கியோ ஸ்டேஷனிலிருந்து கெய்யோ ரயில் லைனில், பார்க் இருக்கும் மைஹாமா கால் மணி நேரம். ஒரே தொல்லை, டோக்கியோ ஸ்டேஷனுக்குள் அந்த லைன் பிளாட்ஃபாரத்துக்கு நடக்கும் தூரம், நடந்தவர்களுக்குத் தெரியும். அதற்குப் பயந்தால் அதே லைனில் அடுத்த ஸ்டேஷன் ஹச்சோபோரி பக்கம் ரூம் பாருங்கள்.

யாருமே போகாமல் விட்டால் விலையைக் குறைக்க மாட்டார்களா?

ஒரு முறை நடந்திருக்கிறது. பாரிஸில் 1992 ஏப்ரலில் யூரோ டிஸ்னி திறந்தபோது 5,200 ரூம்களோடு திறந்தார்கள். பாரிஸிலிருந்து ரயில் பார்க் வாசலிலேயே கொண்டுவந்து விடுகிறது, வந்தவர்கள் சுற்றிப் பார்த்துவிட்டு அதே ரயிலில் திரும்பிவிட்டார்கள். ரூம்கள் காலி. அந்தக் குளிர்காலத்தில் ஒரு ஹோட்டலையே மூடிவைத்தார்கள், அப்புறம் விலைகளையும் இறக்க வேண்டி வந்தது. இப்போது அவர்கள் உஷார், போட்ட விலையை அப்படியே வைத்துக்கொண்டு 'ஆஃபர்' என்று தள்ளுபடி விடுகிறார்கள். அந்த ஆஃபர் வரும்போது மட்டும் வாங்குவதே நமக்கு நல்லது.

ஏஜென்ட் மொத்த பேக்கேஜாகக் கொடுக்கிறார், வாங்கலாமா?

ஹோட்டல் பெயரை எழுத்தில் வாங்குங்கள். 'பார்க் அருகில்' என்று மட்டும் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். வெளிநாட்டு பேக்கேஜுக்கு டிசிஎஸ் என்று முன்கூட்டியே ஒரு வரித்தொகை பிடிப்பார்கள், அது தொலைந்த காசு அல்ல, வருமான வரி ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம், ஆனால் அதுவரை அந்தப் பணம் மாட்டிக்கொள்ளும். நீங்களே நேராக புக் செய்தால் கார்டு கம்பெனி அந்நியச் செலாவணி மார்க்கப் என்று இரண்டிலிருந்து மூன்றரை சதவீதம் வரை எடுக்கும், மார்க்கப் இல்லாத கார்டு இருந்தால் தேடுங்கள்.

அமெரிக்கா போகிறவர்களுக்கு ஒன்று முக்கியம்: ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் விசா இன்டர்வியூ முடியும்வரை கேன்சல் செய்ய முடியாத எதையும் வாங்காதீர்கள். டிஸ்னி வேர்ல்டில் ரூம் மட்டும் எடுத்தால் ஐந்தாறு நாள் முன்னால்வரை முழுப் பணமும் திரும்பும், பேக்கேஜாக எடுத்தால் முப்பது நாள். இந்த ஒரு வித்தியாசத்துக்காகவே ரூமைத் தனியாக எடுக்கலாம்.

எந்த லீவில் போனால் கொஞ்சமாவது குறையும்?

சிங்கப்பூருக்கு மே முதல் மூன்று வாரம். நம் பிள்ளைகளுக்குப் பெரிய லீவு, அவர்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி நடக்கும். மே கடைசியில் அங்கேயும் லீவு விட்டால் ஜூன் முழுக்கக் கூட்டம்தான். டோக்கியோவுக்கு ஏப்ரல் கடைசி, மே முதல் வாரம் கூடவே கூடாது, கோல்டன் வீக்.

ஹாங்காங் டிஸ்னிக்குக் காலாண்டு லீவில் போகலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். செப்டம்பர் கடைசியில் போய் 30-ம் தேதிக்குள் திரும்பிவிட்டால் சரி. அக்டோபர் 1-லிருந்து ஒரு வாரம் சீன தேசிய தின விடுமுறை, ரூம் விலை வானத்தில் இருக்கும், ரூம் கிடைத்தாலும் பார்க்கில் கால் வைக்க இடம் இருக்காது. இந்தியப் பாஸ்போர்ட்டில் அங்கே போக, வருகைக்கு முந்தைய பதிவு (pre-arrival registration) ஒன்று ஆன்லைனில் செய்ய வேண்டும், இலவசம், டிக்கெட் எடுப்பதற்கு முன்னாலேயே செய்துவிடுங்கள்.